காணாத பல்லுக்கு அவித்த கொழுக்கட்டை

என் அருமை மச்சாள் அன்னலட்சுமிக்கு,

டென்மார்க்கின் இந்த ரண்டர்ஸ் ஊரில் இன்றைக்கும் காற்று யன்னலைப் பிடித்து உலுப்பிக்கொண்டிருக்கிறது. பல்கனிக் கதவுக்குப் பக்கத்தில் நீர் சப்பாணி கட்டி இருந்த மூலையில் உம்முடைய பச்சைத் தலையணை அப்படியே கிடக்கிறது. அதில் ஒருவரும் இருக்கக் கூடாது என்று நான் சொன்னதில்லை. ஆனாலும் துளசியைத் தவிர வேறு யாரும் இருப்பதில்லை. நீர் இருக்கும் இடத்தில் காற்று எப்படி? மூச்சைப் பார்க்க அங்கேயும் ஒரு மூக்கு தந்திருக்கிறார்களா?

உம்முடைய ஆண்டுத் திவசம் வருகிறது. அதற்கு ஒரு சின்ன நினைவு மலர் அடிக்கிறார்கள். இங்குள்ள பொடியன்கள் இரண்டு பேர் வந்து, "அம்மா, நீங்களும் மாமியைப் பற்றி நாலு வரி எழுதித் தாங்கோ" என்று கேட்டார்கள். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவளிடம் எழுத்துக் கேட்டு வந்திருக்கிறார்கள் என்று எனக்குச் சிரிப்பு. சரி என்று தலையாட்டினேன். சப்பாத்தைப் போட்டுக்கொண்டே ஒருவன் மெல்லச் சொன்னான்: "அந்தப் புத்தர் கதையை மட்டும் விட்டிடுங்கோ அம்மா. சனம் ஒரு மாதிரிக் கதைக்கும்."

அதனால்தான் நாலு வரி இவ்வளவு நீளுகிறது. கதைக்கிற சனமும் இருந்து வாசிக்கட்டும்.

வாசிக்கிறவர்களுக்காக உம்மைப் பற்றி இரண்டு சொல் சொல்லிவிடுகிறேன், குறை நினையாதையும். நீர் என் புருஷனின் தங்கச்சி. குருநாகல் பக்கம் ஒரு சிங்களக் கிராமத்தில் உம்முடைய அவர் சுருட்டுக்கடை வைத்திருந்தார். அவர் கண்ணை மூடிய பிறகு கடையை நீரே நடத்தினீர். பௌர்ணமிப் போயா தினங்களில் பக்கத்து வீட்டுக் குசுமாவோடு வெள்ளைச் சேலை உடுத்து விகாரைக்குப் போவீர். அங்கே மொட்டையடித்துக் காவி உடுத்த ஒரு வயதான பெண் துறவியிடம், சும்மா இருந்து மூச்சைப் பார்க்கப் பழகினீர். பிறகு ஒரு ஆடி மாதம், தமிழ்க்கடை என்று உம்முடைய கடைக்கு நெருப்பு வைத்தார்கள். குசுமா உம்மைத் தன் குசினிக்குள் ஒளித்து வைத்துக் காப்பாற்றினாள். கட்டிய சேலையோடு யாழ்ப்பாணம் வந்து எங்கள் வாசலில் இறங்கினீர்.

இறங்கிய அடுத்த நாள் விடியவும் சுவரைப் பார்த்துச் சப்பாணி கட்டி இருந்தீர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உமக்கு விசரே மச்சாள்? கடையைக் கொளுத்தினவங்கட சாமியை எங்கட வீட்டுக்கை கொண்டு வாறீர்?"

நீர் கண்ணைத் திறக்காமலே சொன்னீர்: "கொளுத்தினவனும் அந்த விகாரைக்குப் போறவன்தான். ஒளிச்சு வைச்ச குசுமாவும் அங்கதான் போறவள். ஒரே கடைக்குப் போய் ரெண்டு பேரும் ரெண்டு சாமான் வாங்கினவை. நான் குசுமா வாங்கினதை வாங்கிக்கொண்டு வந்தனான்."

கடைக்காரி அல்லவா? எதற்கும் உமக்கு ஒரு கடைக் கணக்கு இருக்கும்.

நாங்கள் டென்மார்க்குக்கு வந்த கதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் மகன் தயாளனை ஊரில் வைத்திருக்க முடியாத நிலை. இளந்தாரி என்று கண்டால் ஆமி அள்ளிக்கொண்டு போகிற காலம். இரண்டு கிழவிகளோடு போகிறவனைச் சந்தேகப்பட மாட்டார்கள் என்று, என்னை முன்னாலும் உம்மைப் பின்னாலும் விட்டு நடுவில் அவன் வெளிக்கிட்டான். அவன் பெண்சாதி வசந்திக்கு அப்போது நிறைமாதம். விமானம் ஏற முடியாது. பிள்ளை பிறந்ததும் கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தான். பிள்ளை பிறந்தது. துளசி என்று பெயர் வைத்தார்கள். கூப்பிட்டுப் பத்திரங்களும் கொடுத்தான். மனைவியையும் பிள்ளையையும் கூப்பிட்டுக்கொள்ள இந்த நாட்டுச் சட்டத்தில் உரிமை இருக்கிறது என்று சொன்னார்கள். ஆனால் பதில் மட்டும் வரவில்லை.

அந்தக் காத்திருப்பில்தான் நான் ஒரு நேர்த்தி வைத்தேன். வசந்தியும் பிள்ளையும் வந்து இறங்கும்வரை இந்த வீட்டில் இனிப்பு இல்லை, பொங்கல் இல்லை, வருஷப்பிறப்பு இல்லை, சிரிப்பும் இல்லை. அவர்கள் அங்கே பதுங்கு குழிக்குள் இருக்கும்போது எங்களுக்கு இங்கே என்ன கொண்டாட்டம்? அந்த வருஷங்களில் எத்தனையோ வீடுகளில் இப்படித்தான் இருந்தார்கள். துக்கமாக இருப்பது ஒரு நன்றி மாதிரி. சந்தோஷப்பட்டால் துரோகம் மாதிரி. நீரும் என்னோடு வெறும் தேத்தண்ணி குடித்தீர். ஆனால் விடியற்காலையில் மூலையில் இருந்து எழும்பும்போது உம் முகம் மட்டும் என் நேர்த்திக்கு அடங்கவில்லை. ஏன் இவளுக்கு முகம் இப்படித் தெளிவாக இருக்கிறது என்று எனக்கு எரிச்சல் வரும்.

நான் எரிச்சலில் சட்டிகளைத் தட்டும் சத்தம் கேட்டால் நீர் அங்கிருந்தே குரல் கொடுப்பீர்: "ஆர் மச்சாள் வந்திருக்கிறது? கோபத்தாரோ?"

கோபத்தார், பயத்தார், பொறாமையார், கவலையார். ஊரில் பெரிய மனிதர்களைச் சொல்வது போல மரியாதையாகத்தான் சொல்வீர். "கடைக்கு வாற ஆக்கள் மாதிரித்தான் மச்சாள். வருவினம், அங்க இங்க பாப்பினம், போவினம். வராதையுங்கோ எண்டு கதவைப் பூட்டவும் ஏலாது. கதிரையை மட்டும் போட்டிடாதையும். போட்டால் எழும்பமாட்டினம்."

"உங்கட புத்தரும் பெண்சாதி பிள்ளையை விட்டிட்டுப் போன ஆள்தானே?" என்று நான் ஒருநாள் வேண்டுமென்றே குத்தினேன்.

"ஓம். அதுதான் எங்கட தயாளனை அந்தாளுக்கு நல்லா விளங்கும்" என்றீர். "ஒரு வித்தியாசம். அந்தாள் தானா வெளிக்கிட்டவர். எங்கட பொடியனைக் கலைச்சவங்கள்."

பிறகு வந்தது அந்தக் கசெற். கொழும்பிலிருந்து வந்த ஒருவர் கையில் வசந்தி குரல் பதிந்து கொடுத்துவிட்டிருந்தாள். உமக்கு நினைவிருக்கும். மூன்று பேரும் மேசையைச் சுற்றி இருந்தோம். வசந்தி ஊர்ப் புதினம் எல்லாம் சொல்லிவிட்டு, "துளசிக்குக் கீழ் முரசில ஒரு பல்லு எட்டிப் பாக்குது. கேளுங்கோ" என்றாள். பிறகு டிக், டிக் என்று ஒரு சத்தம். பிள்ளை பால் குடிக்கிற பேணியைக் கடிக்கிறது. பேணியில் பல் படுகிற சத்தம்.

தயாளன் அந்த இடத்தையே திருப்பித் திருப்பிப் போட்டான். அடுத்த நாளும் போட்டான். மற்ற நாளும். சாப்பாட்டைத் தொடவில்லை, டெனிஷ் வகுப்புக்குப் போகவில்லை, முகம் வழிக்கவில்லை. ஒரு காலை அலுமாரிக்கு மேல் கிடந்த பையை இறக்கி உடுப்பை அடுக்கத் தொடங்கினான்.

"என்ர பிள்ளைக்குப் பல்லு முளைச்சிட்டுது அம்மா. நான் இங்க ஆருக்குக் காவல் இருக்கிறன்? போறன்."

போனால் உயிரோடு திரும்ப மாட்டான் என்பது எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். நான் தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். காலில் விழுந்தேன். என் அழுகை அவனை இன்னும் வேகமாக அடுக்க வைத்ததே தவிர வேறு ஒன்றும் செய்யவில்லை.

நீர் அவனுக்கு முன்னால் போய் நின்றீர். பையைப் பறிக்கவில்லை. "போறதெண்டால் போ தம்பி. ஆனா ஒண்டைப் பாத்திட்டுப் போ. நீ போறியோ, இல்லாட்டி உன்ர தவிப்பு உன்னைக் கொண்டு போகுதோ?"

"எல்லாம் ஒண்டுதான் மாமி."

"ஒண்டில்லை. ஒண்டெண்டால் பிறகு போ. எனக்கு நாளைக்கு மத்தியானம் வரைக்கும் நில்."

இவ்வளவுதான் கேட்டீர். அவனும் ஏனோ ஓம் என்றான்.

அடுத்த நாள் விடிய எழும்பிக் குசினிக்கு வந்தால் நீர் அரிசி ஊறப் போட்டிருக்கிறீர். இங்கே கஞ்சிக்கென்று விற்கிற குண்டு அரிசி. கோபன்ஹேகனிலிருந்து யாரோ கொண்டுவந்த பயறை வறுத்து வைத்திருக்கிறீர். மண்ணிறச் சீனிப் பெட்டி உடைத்துக் கிடக்கிறது. இனிப்பு! என் நேர்த்தி வீட்டில்!

"என்ன செய்யிறீர் மச்சாள்?"

"பல்லுக்கொழுக்கட்டை."

எங்கள் வழக்கம் டென்மார்க்கில் பிறந்து வாசிக்கிற பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்கலாம். பிள்ளைக்கு முதற்பல் முளைத்தால் கொழுக்கட்டை அவித்து, விளிம்பில் தேங்காயைச் சின்னச் சொட்டுகளாக வெட்டிப் பல் மாதிரிக் குத்தி, பிள்ளையை இருத்தி, தலைக்கு வெள்ளைத் துணி போட்டு, அந்தத் தலையில் கொழுக்கட்டையைக் கொட்டுவோம். முன்னால் ஒரு தட்டில் பேனை, புத்தகம், நகை, கண்ணாடி எல்லாம் பரப்பி வைப்போம். பிள்ளை எதைத் தொடுகிறதோ அந்த வழியில் வரும் என்று சொல்லிச் சிரிப்போம். பிள்ளை இல்லாமல் இதைச் செய்தவர்களை நான் கேள்விப்பட்டதே இல்லை.

"பிள்ளை அங்க கிடக்கு. நீர் இங்க ஆருக்கு அவிக்கிறீர்? கசெற் வந்து சேர இவ்வளவு நாள். இப்ப அவளுக்கு வாய் நிறையப் பல்லு இருக்கும். உம்மைக் கண்டால் கடிப்பாள்!"

"கடிக்கட்டும். நல்ல செய்திதானே?"

"நேர்த்தி வைச்சிருக்கிறன் மச்சாள்!"

நீர் மாவைக் கிண்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தீர். உம் கண்ணில் கோபம் இல்லை, கெஞ்சலும் இல்லை. "நீர் சந்தோஷப்படாமல் இருந்ததில அங்க அந்தப் பிள்ளைக்கு ஒரு வாய் பால் கூடக் கிடைச்சதோ? கிடைச்சதெண்டால் சொல்லும், நானும் நேர்த்தி வைக்கிறன்" என்றீர். "பல்லு முளைச்சது உண்மை. அது சந்தோஷம் எண்டதும் உண்மை. அவள் வந்தாப் பிறகு சந்தோஷப்படுவம் எண்டு எடுத்து வைச்சால், அது கெட்டுப்போம் மச்சாள். அது அலுமாரியில வைக்கிற சாமான் இல்லை."

பிறகு கீழ்வீட்டு டெனிஷ்காரி இங்காவிடம் போய்க் கோப்பிக்கொட்டை அரைக்கிற மெஷினை வாங்கிக்கொண்டு வந்தது நான்தான். அந்த மாவில் கடைசிவரை கோப்பி வாசம் போகவில்லை. தேங்காய் இல்லாததால் வாதுமைப் பருப்பைப் பிளந்து பல்லாகக் குத்தினோம். அரைக்கும்போது, குத்தும்போது, துணி கட்டிய சட்டியில் ஆவி பறக்கும்போது, என் கை தன்பாட்டில் வேலை செய்துகொண்டிருந்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு என் கையை நானே பார்த்தேன். என்ன அழகாக மடிக்கிறது என்று நினைத்தேன். அப்போது எனக்கு ஒரு கவலையும் இருக்கவில்லை. அதைச் சொல்ல எனக்கு அன்றைக்கு வெட்கமாக இருந்தது. இன்றைக்கு இல்லை.

மத்தியானம் தயாளனைக் கூப்பிட்டீர். பையைத் தோளில் கொளுவிக்கொண்டுதான் வந்தான்.

"பையை வைச்சிட்டு இதில இரு."

"என்ன மாமி இது?"

"துளசிக்குப் பல்லுக்கொழுக்கட்டை. பிள்ளை இல்லாத இடத்தில தேப்பன்தான் இருக்கோணும்."

"விசர்க்கதை கதைக்காதையுங்கோ."

"போகப்போற ஆள், கொஞ்சநேரம் இருந்தால் என்ன குறைஞ்சு போம்? இரு."

இருந்தான். தாடி வளர்ந்த பெரிய ஆம்பிளை நிலத்தில் காலை மடித்து இருக்க, கட்டில் விரிப்பை எடுத்து அவன் தலையில் போட்டீர். சட்டியைத் தூக்கி என் கையில் தந்தீர். "நீர்தான் அப்பம்மா. கொட்டும்."

கொட்டினேன். கொழுக்கட்டைகள் அவன் தலையிலும் தோளிலும் விழுந்து உருண்டு சோபாவுக்குக் கீழே எல்லாம் ஓடின. அந்த நேரம் பார்த்து, தன் மெஷினை வாங்கிப் போக இங்கா கதவைத் திறந்துகொண்டு வந்தாள். விரிப்பால் மூடிய மனிதன், மேலே இருந்து கொட்டும் கிழவி, பக்கத்தில் கைதட்டும் இன்னொரு கிழவி. அவள் வாய் பிளந்த மாதிரியே நின்றாள்.

விரிப்புக்குள் இருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகிறான் என்று நினைத்தேன். சிரித்தான் மச்சாள்! தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தான். பிறகு அழுதான். பிறகு இரண்டும் சேர்ந்து வந்தது. நீர் தட்டை முன்னால் தள்ளினீர். பேனை, டெனிஷ் புத்தகம், என் காப்பு, முகம் பார்க்கிற கண்ணாடி. அவன் ஒன்றையும் தொடவில்லை. மடியில் கிடந்த கொழுக்கட்டையை எடுத்து வாய்க்குள் போட்டான். பிறகு இன்னொன்று. எத்தனையோ நாளுக்குப் பிறகு சாப்பிட்டான்.

"இவன் சமையல்காரனாத்தான் வருவான்" என்றீர்.

என்னவென்று இங்கா கேட்க, தனக்குத் தெரிந்த அரைகுறை டெனிஷில் மகளின் பல்லைப் பற்றி அவளுக்குச் சொன்னான். மகள் இருக்கிறாள் என்று அந்தக் கட்டிடத்தில் அவன் வாய் திறந்து சொன்னது அதுதான் முதல் தடவை. இங்கா இறங்கிப் போய், இவர்கள் பிறந்தநாளுக்கு மேசையில் வைக்கிற சின்னக் கொடிக்கம்பத்தைக் கொண்டுவந்து கொழுக்கட்டைக்கு நடுவில் வைத்தாள். பல்லுக்குக் கொடி! வேறு யாருடைய பேத்தியின் பல்லுக்கு ஒரு நாட்டுக் கொடி ஏற்றினார்கள்?

அன்றைக்குப் பின்னேரம் தயாளன் தானாகவே சொன்னான்: "அவள் வரேக்க சொல்லோணும் மாமி. உன்ர பல்லுக்கு என்ர தலையிலதான் கொட்டினவை எண்டு."

"ஓம். அதைச் சொல்லுறதுக்கு நீ உயிரோட இருக்கோணும்" என்றீர்.

பை திரும்ப அலுமாரிக்கு மேலே போனது.

நீர் எங்களைப் பொறுத்துக்கொண்டு பேசாமல் இருக்கச் சொன்னீர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பதில் வராத வீடுகள் எல்லாம் சேர்ந்து நகரசபைக்கு முன்னால் பதாகை பிடித்து நின்றபோது, பனிக்குள் எல்லாருக்கும் முன்னால் நின்றது நீர். கத்தி ஓய்ந்த பொடியன்கள் ஒவ்வொருவராகக் கோப்பி குடிக்கப் போனார்கள். நீர் அசையவில்லை. "கால் நோகேல்லையோ அக்கா?" என்று ஒருவர் கேட்டார். "கோபத்தோட நிண்டால் கெதியாக் களைச்சிடும் தம்பி. இல்லாமல் நிண்டால் கனநேரம் நிக்கலாம்" என்றீர். அந்த மனிதர்தான் முன்னொருநாள் கோயில் பூசையில் வைத்து, சிங்களவனின் சாமியை ஏன் கும்பிடுகிறீர்கள் என்று உம்மை எல்லாருக்கும் முன்னால் கேட்டவர். அதற்கு நீர் சொன்ன பதிலை இன்றைக்கும் இங்கே சொல்லிச் சிரிக்கிறார்கள்: "நான் ஆரையும் கும்பிடேல்லை. என்னைத்தான் இருந்து பாக்கிறன். பாத்தவரைக்கும் கும்பிடுற மாதிரி ஒண்டும் தெரியேல்லை."

கடைசியில் அனுமதி வந்தது. கோபன்ஹேகன் விமான நிலையத்தில் வசந்தி வந்து இறங்கினாள். இடுப்பில் இருந்த பிள்ளை தகப்பனைக் கண்டதும் தாயின் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்தது. "இது ஆர்?" என்று கேட்டது. அவன் நீட்டிய கை நீட்டியபடியே நின்றதை என்னால் பார்க்க முடியவில்லை. நீர் அவன் முதுகைத் தடவினீர். "நாங்கள் இவ்வளவு காலம் காத்தம். அவளுக்கும் கொஞ்சம் குடு."

வீட்டுக்கு வந்தும் அவனிடம் போக மாட்டேன் என்றாள். உம்மிடம்தான் முதலில் வந்தாள். விடிய நீர் கண்ணை மூடி இருக்கும்போது முன்னால் வந்து குந்திக்கொள்வாள்.

"என்ன செய்யிறீங்கள்?"

"மூச்சைப் பாக்கிறன்."

"எங்க?"

"இந்தா, மூக்கு வாசல்ல."

குனிந்து உம் மூக்குக்குள் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, "ஒண்டும் தெரியேல்லை!" என்று கத்தினாள். அன்றிலிருந்து நான் அப்பம்மா, நீர் மூச்சு அப்பம்மா.

ஒருநாள் நீர் அவளுக்குப் பல்லுக்கொழுக்கட்டைக் கதையைச் சொன்னீர். முழுவதும் கேட்டாள். பிறகு எழும்பிப் போய், கதிரையில் இருந்த தகப்பனுக்குப் பக்கத்தில் நின்று, விரலால் அவன் உச்சந்தலையைத் தொட்டாள். "இந்தத் தலையிலயோ?" அவன் தலையைக் குனிந்து கொடுத்தான். "ஓம் அம்மா. இந்தத் தலையிலதான்." தலைமயிரை விலக்கி, கொழுக்கட்டை இன்னும் இருக்கிறதா என்று தேடினாள். தேடித் தேடி அப்படியே அவன் மடியில் ஏறிவிட்டாள்.

அன்றைக்கு நான் குசினியில் நின்று விளங்கிக்கொண்டேன். கெட்டுப்போகாமல் நாங்கள் சாப்பிட்ட அந்தச் சந்தோஷம்தான் அவளுக்கும் தகப்பனுக்கும் நடுவில் கயிறாகக் கிடந்திருக்கிறது. என் நேர்த்தியின்படி நடந்திருந்தால் அவளுக்குச் சொல்ல அவனிடம் என்ன இருந்திருக்கும்? பதுங்கு குழியின் இருட்டு அவளிடம், அழுகை எங்களிடம். அதை வைத்து எப்படிப் பிள்ளையை மடியில் ஏற்றுவது?

உம்முடைய கடைசி நாட்களைப் பற்றி நான் அதிகம் எழுதப்போவதில்லை. ஆஸ்பத்திரியில் உம் கை என் கைக்குள் இருந்தது. "பயத்தார் வந்திருக்கிறார் மச்சாள்" என்றீர். உமக்கே பயமா? "பெரிய மனுசன்தான். இவ்வளவு பெரிய ஆள் எண்டு நினைக்கேல்லை" என்று சொல்லிச் சிரித்தீர். பயமில்லை என்று நடிக்கவில்லை. பயந்துகொண்டே அதைப் பார்த்துக்கொண்டிருந்தீர். அதைவிடப் பெரிய தைரியத்தை நான் கண்டதில்லை. எந்த வகுப்பில் படித்தால் அது வரும்?

இனி இங்குள்ள புதினம். எங்கள் பத்திரங்கள் ஏன் அசையாமல் கிடந்தன என்று இப்போது வெளியில் வந்துவிட்டது. மறந்துபோய்க் கிடக்கவில்லை. கையில் எடுக்க வேண்டாம் என்று மேலிடத்திலிருந்தே சொல்லி வைத்திருந்தார்களாம். பெரிய விசாரணை நடந்து, தடித்த தடித்த அறிக்கைகளாக வந்திருக்கிறது. அதனால் அரசாங்கமே பதவியை விட்டுப் போய்விட்டது மச்சாள்! தமிழர் வழக்கு என்று எங்கள் பெயரைச் சொல்லித்தான் ரேடியோவில் எல்லாம் கதைக்கிறார்கள். பனிக்குள் நீர் நின்ற நிலை வீண்போகவில்லை.

அந்தச் செய்தியைத் தயாளன் டெனிஷிலிருந்து எனக்குத் திருப்பிச் சொன்ன அன்றைக்குக் கோபத்தார் வந்தார். சும்மா வரவில்லை, குடும்பத்தோடு வந்தார். என் பேத்தியின் நடையை, மழலையை, எல்லாவற்றையும் ஒரு மேசையில் இருந்துகொண்டு எடுத்துவிட்டார்களே! உம் தலையணையில் போய் இருந்தேன். மூச்சு ஒன்றும் பிடிபடவில்லை. ஆனால் கோபத்தாரைப் பார்த்தேன். பார்த்தால், அவருக்குப் பின்னால் துக்கத்தார் நிற்கிறார். அவரைப் பார்க்க விடாமல்தான் இவர் முன்னால் நின்று கத்தியிருக்கிறார். இதை ஒருவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நானே கண்டுபிடித்தேன். உமக்குச் சொல்ல வேண்டும் என்று அப்போதே நினைத்தேன்.

பின்னேரம் இங்கா பத்திரிகையோடு மேலே வந்தாள். கண் கலங்கியிருந்தது. தானே அந்தப் பத்திரங்களை ஒளித்து வைத்தவள் மாதிரி, "உன்ஸ்குல்" என்றாள். மன்னித்துக்கொள் என்று அர்த்தம். எனக்கு உம்முடைய குசுமா நினைவுக்கு வந்தாள். கதிரை போட்டேன். இவளுக்குப் போடலாம்தானே? தேத்தண்ணியும் கொடுத்தேன், இரண்டு கரண்டிச் சீனி போட்டு.

நீர் சொன்னது பலித்துவிட்டது, தெரியுமோ? தயாளன் இப்போது ஒரு பெரிய தொழிற்சாலைக் கன்டீனில் சமையல்காரன். அவன் வைக்கிற உருளைக்கிழங்குக் கறிக்கு வெள்ளைக்காரர் வரிசையில் நிற்கிறார்களாம். வசந்தி முதியோர் இல்லத்தில் வேலைக்குப் போகிறாள். துளசி பள்ளிக்கூடம் போகிறாள். ஒருநாள் வகுப்பில் ஒரு பொடியன் தள்ளிவிட, இவள் நின்று, "இப்ப என்னட்டைக் கோபத்தார் வந்திருக்கிறார், கொஞ்சம் நில்" என்று டெனிஷில் சொன்னாளாம். அவர்களுடைய பாஷையில் அதை எப்படிச் சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. ரீச்சர் வசந்தியைக் கூப்பிட்டு, இதை இவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டாராம். குருநாகலில் சுருட்டுக்கடை வைத்திருந்த அவளுடைய மூச்சு அப்பம்மா என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்!

இதையெல்லாம் எழுதும்போது என்னிடம் யார் வந்திருக்கிறார் என்று உமக்கு இந்நேரம் விளங்கியிருக்கும். பெருமையார்தான். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறார். நீர் சொன்னது நினைவில் இருக்கிறது. ஆனாலும் இன்றைக்கு ஒரு நாளைக்கு அவருக்குக் கதிரை போட்டுவிட்டேன். உம்மைப் பற்றிக் கதைக்க வந்தவர், நின்றுகொண்டே கதைப்பாரா?

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லத்தான் இன்றைக்கே பேனை எடுத்தேன். நேற்றுப் பள்ளிக்கூடத்தால் வந்த துளசி கையைப் பொத்திக்கொண்டு நின்றாள். விரித்தால், கடதாசித் துணியில் சுற்றிய ஒரு பல். கீழ் முரசில் நடுப்பல். முதலில் முளைத்ததுதானே முதலில் விழும்?

"டான்ஃபே வரும் அப்பம்மா" என்றாள். தலையணைக்குக் கீழே வைத்தால் பல்லை எடுத்துக்கொண்டு போக ஒரு தேவதை வருமாம், இந்த நாட்டில் அப்படி. நாங்கள் கூரையில் எறிந்து அணிலிடம் புதுப்பல் கேட்போம் என்று நான் சொன்னேன். மூன்றாம் மாடியில் இருந்துகொண்டு எந்தக் கூரையில் எறிவது என்று இரண்டு பேரும் யோசித்தோம். அவள் திடீரென்று, "நை, நை, வேண்டாம். இது மூச்சு அப்பம்மா கொழுக்கட்டை அவிச்ச பல்லெல்லோ?" என்றாள். வேலையால் தகப்பன் வரும்வரை சப்பாத்துக் கழற்றுகிற இடத்திலேயே காத்துக்கொண்டு நின்றாள். வந்ததும் அவன் கையில் வைத்தாள்.

தயாளன் குளிர்ச்சட்டையைக் கழற்றவில்லை. உள்ளங்கையை வெளிச்சத்துக்குப் பிடித்தான். அரிசி மாதிரி ஒரு பல். பேணியில் டிக், டிக் என்று தட்டிய பல். வேலையால் வந்த களைப்போடு அப்படியே பார்த்துக்கொண்டு நின்றான்.

"முளைக்கேக்க நான் நிக்கேல்லை அம்மா" என்றான். "விழேக்க நிக்கிறன்."

வந்ததெல்லாம் போகும் என்று நீர் சொல்லும்போது அது துக்கமான சொல் என்று நினைத்திருந்தேன். நேற்று அது என் மகனின் உள்ளங்கையில் சிரித்துக்கொண்டு கிடந்தது. விழுந்த இடத்தில் துளசியின் முரசை விரலால் தடவிப் பார்த்தேன். அடுத்தது கூராகத் தட்டுப்படுகிறது.

உமக்கு ஒரு வாக்குத் தருகிறேன். உம் திவசத்துக்கு வடை பாயாசத்தோடு பல்லுக்கொழுக்கட்டையும் அவிக்கப்போகிறேன். இரண்டாம் பல்லுக்கு அப்படி ஒரு வழக்கம் இல்லை என்று சனம் சொல்லும். சொல்லட்டும். வருகிறவர்கள் எல்லாருடைய தலையிலும் கொட்டுவேன், புத்தர் கதையை விடச் சொன்ன பொடியனின் தலையில் முதலில். இனி இந்த வீட்டில் வந்த சந்தோஷத்தை யாருக்காகவும் வாசலில் நிற்க வைக்க மாட்டேன். இங்காவின் மெஷினில்தான் மாவு அரைப்பேன். கோப்பி வாசம் இல்லாவிட்டால் அது உம்முடைய கொழுக்கட்டை இல்லை.

உம்முடைய பச்சைத் தலையணையில் துளசிக்குப் பக்கத்தில் இடம் பிடித்து இருந்தபடி,
உம்முடைய அண்ணன் பெண்சாதி,
துளசியின் மூச்சில்லாத அப்பம்மா,
உம்முடைய மச்சாள்
பாக்கியம்